ஆக்சுவரியல்–கணிதப் பட்டம்: முதலாம் ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாடப் பதிவு தொடங்கும் நாளில் முதலாம் ஆண்டு மாணவரின் முன்னால் நீண்டதொரு பட்டியல் விரிகிறது. எது கட்டாயப் பாடம், எது விருப்பப் பாடம், ஏறக்குறைய ஒரே பெயரில் இருக்கும் மூன்று பாடங்களில் எது தமக்கு உரியது என்பதெல்லாம் அவருக்கு அப்போது தெளிவாகத் தெரிவதில்லை. பலரும் நேர அட்டவணைக்குப் பொருந்துவதையும், நண்பர்கள் எடுப்பதையும், பெயரில் ‘ஆக்சுவரியல்’ என்ற சொல் இருப்பதையும் பார்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஆக்சுவரியலையும் (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் இடரைக் கணக்கிடும் துறை) கணிதத்தையும் சேர்த்துப் படிக்கும் பட்டத்தில் இந்த வழி பின்னால் பெரும் சிக்கலைக் கொண்டுவரும். இப்பட்டத்தின் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. கீழடுக்கில் ஒன்று பிந்தினால் அதன் மேலுள்ளவை அத்தனையும் பிந்தும். ஆகவே முதலாம் ஆண்டுப் பட்டியலைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டு, இறுதி ஆண்டுப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு வெள்ளைத்தாளின் மேற்பகுதியில், இறுதி ஆண்டில் நீங்கள் படிக்க வேண்டிய ஆக்சுவரியல் பாடங்களை எழுதுங்கள். ஆயுள் காப்பீட்டுக் கணிதம், இழப்பு மாதிரிகள், நிதிப் பொறியியல் என்பன போன்ற பெயர்கள் அங்கே இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் பட்டக் கையேடு குறிப்பிடும் முன்தேவைப் பாடங்களை எழுதி, கோடு போட்டு இணையுங்கள். பிறகு அந்த முன்தேவைப் பாடங்களின் முன்தேவைகளை அடுத்த வரியில் எழுதுங்கள். இப்படியே இறங்கி வந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கோடுகள் வந்து சேரும் இடம் ஒன்றே: ஆயுள் காப்பீட்டுக் கணிதத்துக்கு நிகழ்தகவும் வட்டிக் கோட்பாடும் தேவை, நிகழ்தகவுக்குப் பன்மாறி நுண்கணிதம் தேவை, அதற்கு இரண்டாம் நுண்கணிதம், அதற்கு முதல் நுண்கணிதம். அந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ணுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு கண்ணி என்று வைத்தால், ஐந்தாம் பருவத்தில் ஆயுள் காப்பீட்டுக் கணிதத்தைத் தொடங்க விரும்புபவர் முதல் பருவத்திலேயே நுண்கணிதத்தில் இருந்தாக வேண்டும் என்பது கண்ணெதிரே தெரியும்.

அதே தாளில் இன்னொரு குறிப்பையும் சேர்க்க வேண்டும். எந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடத்தப்படுகிறது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள். உயர்நிலைப் பாடங்களில் பல அப்படித்தான் நடக்கின்றன. ஒரு கண்ணியை ஒரு பருவம் தவறவிட்டால், அடுத்த கண்ணி கிடைக்க ஓர் ஆண்டு காத்திருக்க நேரலாம் என்பதை இந்தக் குறிப்பு மட்டுமே முன்கூட்டிக் காட்டும். இவ்வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். கல்வி ஆலோசகரைச் சந்திக்கும்போது இந்தத் தாளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில் வரும், தாளில் உள்ள ஒரு குறிப்பிட்ட கோட்டைக் காட்டிக் கேட்டால் குறிப்பிட்ட பதில் வரும்.

ஏன் இத்தனை கோடுகள் நுண்கணிதத்தில் வந்து முடிகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றத் தேர்வுகள் எளிதாகிவிடும். 1693ஆம் ஆண்டு எட்மண்ட் ஹாலி, வால்மீனால் இன்று நாம் அறியும் அதே வானியலாளர், பிரெஸ்லாவ் (இன்று போலந்தில் உள்ளது) நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளிலிருந்து ஓர் ஆயுள் அட்டவணையை அமைத்து, வாழ்நாள் ஆண்டுத்தொகைகளின் (ஒருவர் உயிரோடிருக்கும்வரை ஆண்டுதோறும் கொடுக்கப்படும் தொகைகள்) விலையைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் செய்ததன் சாரம் ஒரு பெருக்கல்தான். ஓர் ஆண்டு கழித்து ஒருவர் உயிரோடிருந்தால் 1,000 கொடுப்பதாக ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். அவர் உயிரோடிருப்பதற்கான நிகழ்தகவு 0.98, வட்டி 5 விழுக்காடு என்றால், அந்த வாக்குறுதியின் இன்றைய மதிப்பு 1,000ஐ 0.98ஆல் பெருக்கி 1.05ஆல் வகுத்தால் கிடைக்கும் 933.33. நிகழ்தகவு ஒரு பக்கம், வட்டி மறு பக்கம். நீங்கள் படிக்கப்போகும் ஆக்சுவரியல் பாடங்களில் பெரும்பகுதி இவ்விரண்டின் விரிவே. கொடுக்கும் நேரம் ஆண்டு முடிவில் என்றில்லாமல் எந்தக் கணத்திலும் என்று மாறும்போது, கூட்டல் தொகையீடாக மாறுகிறது. அங்கேதான் நுண்கணிதம் நுழைகிறது.

எந்த நுண்கணிதம்?

முதலாம் ஆண்டுத் தேர்வுகளில் மிக முக்கியமானது இதுவே என்பதால் இதில் சற்று விரிவாக நிற்கிறேன். பல பல்கலைக்கழகங்களில் நுண்கணிதம் மூன்று வடிவங்களில் கற்பிக்கப்படுகிறது: வணிக, சமூக அறிவியல் மாணவர்களுக்கு ஒன்று, அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு ஒன்று, கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு ஒன்று. முதல் வகையில் வகையீடு விரைவாகச் சொல்லித் தரப்படும், தொகையீடு மேலோட்டமாகத் தொடப்படும், முடிவிலித் தொடர்கள் பெரும்பாலும் இருக்காது. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்பதால் அது ஈர்க்கும். ஆனால் இரண்டாம் நுண்கணிதத்துக்கு அதை முன்தேவையாகப் பல துறைகள் ஏற்பதில்லை; ஏற்றாலும், அங்கே நுழையும் மாணவர் விட்டுப்போன பகுதிகளைத் தனியே படித்துத் தீர்க்க வேண்டியிருக்கும். ஒரு பாடம் உங்களுக்கு ஏற்றதா என்று அறிய அதன் விளக்கத்தைப் படிப்பதோடு நிற்காதீர்கள். அதை முடித்தால் அடுத்து எந்தப் பாடங்களில் சேர அனுமதி உண்டு என்று பாருங்கள்.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையே தேர்வு வந்தால், கணிதத்தில் உண்மையான விருப்பம் உள்ளவர் மூன்றாம் வகையையே எடுக்கலாம் என்பது என் கருத்து. எல்லை, தொடர்ச்சி, ஒருங்கல் ஆகியவற்றை வரையறையிலிருந்து தொடங்கிக் கற்பிக்கும் அந்தப் பாடம் முதல் ஆறு வாரங்கள் கடினமாக இருக்கும். அதற்குப் பிறகு இரண்டாம் ஆண்டின் மெய்ப் பகுப்பாய்வு அவருக்கு அந்நியமாகத் தோன்றாது. நிரூபணங்களில் ஆர்வம் குறைவு, ஆக்சுவரித் தொழிலே குறிக்கோள் என்பவருக்கு இரண்டாம் வகை முற்றிலும் போதும். அங்கே தொகையீட்டு உத்திகளில் கூடுதல் பயிற்சி கிடைக்கும், அந்தப் பயிற்சி பின்னால் ஒவ்வொரு வாரமும் பயன்படும்.

எப்படிப் பயன்படும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் இறக்கும் அதே கணத்தில் 1 என்ற தொகையைக் கொடுப்பதாக ஓர் ஒப்பந்தம். அவர் வயது எதுவானாலும் ஆண்டுக்கு 0.02 என்ற மாறாத இறப்பு வீதத்தை எதிர்கொள்கிறார் என்றும், வட்டி தொடர்ச்சியாக 0.04 வீதத்தில் சேர்கிறது என்றும் கொள்வோம். இன்றைய மதிப்பைக் காண, ஒவ்வொரு கணத்திலும் இறப்பதற்கான அடர்த்தியை வட்டிக் கழிவுக் காரணியால் பெருக்கி, பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட வேண்டும். இரண்டும் அடுக்குக்குறிச் சார்புகள் என்பதால் அடுக்குகள் கூடி 0.06 ஆகின்றன, விடை 0.02ஐ 0.06ஆல் வகுத்தது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஒரே வரியில் அடுக்குக்குறிச் சார்பு, முடிவிலி எல்லை கொண்ட தொகையீடு, நிகழ்தகவு அடர்த்தி, தொடர் வட்டி ஆகிய நான்கும் வந்துவிட்டன. மூன்றாம் ஆண்டு வகுப்பில் விரிவுரையாளர் இதை அரை நிமிடத்தில் கடந்துவிடுவார். அந்த அரை நிமிடத்தில் பின்தொடர முடிகிறதா இல்லையா என்பது முதலாம் ஆண்டில் நீங்கள் எந்த நுண்கணிதத்தை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

பள்ளியிலேயே நுண்கணிதம் படித்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் முதல் பாடத்தைத் தாண்டிச் செல்ல அனுமதி தருகின்றன. தாண்டலாமா என்று முடிவுசெய்யும் முன், அந்தப் பாடத்தின் பழைய இறுதித் தேர்வு வினாத்தாள் ஒன்றை எடுத்து, உண்மையான தேர்வு நேரத்துக்குள், புத்தகம் இல்லாமல் எழுதிப் பாருங்கள். தயக்கமின்றி எழுத முடிந்தால் தாண்டுங்கள். ஒரு பருவம் மிச்சமாகும், சங்கிலியில் உங்களுக்கு ஓர் இடைவெளி கிடைக்கும். பகுதித் தொகையீட்டிலோ தொடர்களிலோ தடுமாறினால், அனுமதி இருந்தாலும் முதல் பாடத்திலேயே அமர்வது நல்லது. அதில் இழிவு ஒன்றுமில்லை. புதிய ஊரில், புதிய கற்பித்தல் முறையில், ஓரளவு தெரிந்த பாடம் ஒன்று கையில் இருப்பது முதல் பருவத்தில் பெரிய ஆறுதல்.

நேரியல் இயற்கணிதமும் நிரூபணமும்

நேரியல் இயற்கணிதத்தை முதலாம் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். அதற்கு வலுவான முன்தேவை பொதுவாக இல்லை, ஆனால் அதை எதிர்பார்க்கும் பாடங்கள் பல. ஆரோக்கியம், நோய், இறப்பு என்ற மூன்று நிலைகளை ஒரு காப்பீட்டு மாதிரி கருதுகிறது என்று கொள்ளுங்கள். ஆரோக்கியமாக இருப்பவர் ஓராண்டில் அப்படியே இருக்க நிகழ்தகவு 0.9, நோயுற 0.08, இறக்க 0.02; நோயுற்றவர் குணமாக 0.3, நோயிலேயே தொடர 0.6, இறக்க 0.1. இன்று ஆரோக்கியமாக இருப்பவர் ஈராண்டு முடிவில் ஆரோக்கியமாக இருக்க 0.9 பெருக்கல் 0.9, அதனுடன் 0.08 பெருக்கல் 0.3 கூட்டினால் 0.834. கையால் செய்தது இரண்டு பெருக்கல்; உண்மையில் நடந்தது ஓர் அணியைத் தன்னாலேயே பெருக்கியது. இருபது ஆண்டு என்றால் கையால் முடியாது, அணியின் ஐகன் மதிப்புகள் அங்கே உதவிக்கு வருகின்றன. பின்னால் வரும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வும் அணிகளின் மொழியிலேயே எழுதப்படும்.

பட்டத்தின் பெயரில் ‘கணிதம்’ என்ற சொல்லும் இருப்பதால், நிரூபணம் எழுதக் கற்பிக்கும் அறிமுகப் பாடம் ஒன்று பட்டியலில் இருக்கும். தருக்கம், கணங்கள், தூண்டல் முறை ஆகியன அதில் வரும். பலர் இதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுகிறார்கள். முதலாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் எடுப்பது பொருத்தம் என்று நான் கருதுகிறேன். சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடை காணும் பழக்கத்திலிருந்து, ஒரு கூற்று ஏன் உண்மை என்று எழுதிக் காட்டும் பழக்கத்துக்கு மாறச் சில மாதங்கள் ஆகும். அந்த மாற்றத்தை எளிய பொருள்களில் பழகிவிட்டால், பகுப்பாய்வும் அருவ இயற்கணிதமும் வரும்போது பொருளும் புதிது, முறையும் புதிது என்ற இரட்டைச் சுமை இருக்காது. மேலும், ஆக்சுவரியல் எனக்கு வேண்டாம், கணிதமே வேண்டும் என்றோ அதற்கு எதிர்மாறாகவோ முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாடத்தின்போதுதான் எடுக்கிறார்கள். அந்த முடிவை முதலாம் ஆண்டிலேயே எடுக்க முடிந்தால் பட்டத்தின் மீதி காலத்தை அதற்கேற்பத் திட்டமிடலாம்.

புள்ளியியலில் ஒரு பொறி

நுண்கணிதத்தைப் போலவே புள்ளியியலும் நிகழ்தகவும் பல வடிவங்களில் கிடைக்கின்றன. நான் முதலாம் ஆண்டில் வணிக மாணவர்களுக்கான புள்ளியியல் பாடம் ஒன்றை, பட்டத்துக்குத் தொடர்புடையதுதானே என்று எண்ணி எடுத்தேன். அடுத்த ஆண்டு கணிதப் புள்ளியியல் கட்டாயமாக வந்தபோது, இரண்டும் ஒரே பொருளைத் தொடுவதால் இரண்டுக்கும் சேர்த்து கிரெடிட் தர முடியாது என்று துறை சொல்லிவிட்டது. விதி கையேட்டில் சிறிய எழுத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஒரு முழுப் பாடத்தின் உழைப்பு பட்டக் கணக்கில் சேராமல் போயிற்று. ஆகையால் ஒவ்வொரு பாடத்தின் கீழும், இதனுடன் சேர்த்து கிரெடிட் பெற முடியாத பாடங்கள் எவை என்று குறிப்பிடும் வரியைத் தவறாமல் படியுங்கள். நுண்கணிதத்தை முன்தேவையாகக் கேட்கும் நிகழ்தகவுப் பாடமே உங்களுக்கு உரியது. அது இரண்டாம் ஆண்டில்தான் வரும் என்றால் அதுவரை காத்திருங்கள்.

காத்திருக்காமல் பன்மாறி நுண்கணிதமும் நிகழ்தகவும் ஒரே பருவத்தில் எடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விதி அனுமதித்தாலும் எச்சரிக்கை வேண்டும். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இரண்டு மாறிகளின் கூட்டு அடர்த்தி அவற்றின் கூட்டுத்தொகையே என்று கொடுத்து, அக்கூட்டுத்தொகை 1ஐவிடக் குறைவாக இருக்க நிகழ்தகவு என்ன என்று கேட்டால் விடை மூன்றில் ஒன்று. தொகையிடுவது எளிது, முக்கோணப் பரப்பை வரைந்து, உள்தொகையீட்டின் மேல் எல்லை ‘1 கழித்தல் முதல் மாறி’ என்று காண்பதில்தான் மாணவர் இடறுகிறார். எல்லையை வெறுமனே 1 என்று போட்டால் விடையும் 1 என்றே வரும், பிழை எங்கே என்று தெரியாது. இந்த எல்லைகளைப் பழகுவதே பன்மாறி நுண்கணிதத்தின் பிற்பாதி. இரண்டையும் ஒன்றாகப் படித்தால், தேவைப்படும் வாரத்தில் அந்தப் பகுதி இன்னும் நடத்தப்பட்டிருக்காது.

தொழில்முறைத் தேர்வுகளோடு பொருத்துதல்

ஆக்சுவரி ஆவதற்குப் பட்டம் மட்டும் போதாது. தொழில்முறைக் கழகத்தின் தேர்வுகளையும் எழுத வேண்டும். எந்தக் கழகத்தின் வழியில் செல்லப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முதலாம் ஆண்டின் துணைப்பாடங்கள் மாறும். அமெரிக்காவின் ஆக்சுவரிகள் சங்கம் பொருளாதாரம், கணக்கியலும் நிதியும், கணிதப் புள்ளியியல் என்ற மூன்று துறைகளைத் தேர்வாக வைக்காமல், சங்கம் அங்கீகரித்த பல்கலைக்கழகப் பாடங்களில் குறைந்தது ‘பி மைனஸ்’ தரம் பெற்றிருப்பதைச் சான்றாக ஏற்கிறது. பிரிட்டனின் ஆக்சுவரிகள் கழகம் வேறு வழியில் செல்கிறது: அங்கீகாரம் பெற்ற பட்டங்களின் குறிப்பிட்ட பாடங்களில் போதிய மதிப்பெண் பெற்றவர்களுக்கு அதற்கு ஈடான தொழில்முறைத் தேர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. விலக்குக்குத் தேவையான மதிப்பெண் பெரும்பாலும் தேர்ச்சி மதிப்பெண்ணைவிட உயர்ந்தது.

இரண்டு வழிகளிலும் பொருளாதாரம் வருவதால், நுண்பொருளியலையும் பேரினப் பொருளியலையும் முதலாம் ஆண்டில் பருவத்துக்கு ஒன்றாக எடுப்பது நல்ல ஏற்பாடு. எடுக்கும் முன், உங்கள் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட பாட எண் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று கழகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள்; பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. கணக்கியல் இரண்டாம் ஆண்டு வரை பொறுக்கும்.

நிரலாக்கத்துக்கு மட்டும் எப்படியாவது ஓர் இடம் ஒதுக்குங்கள். பிரிட்டன் கழகம் 2019இல் தன் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தபோது, புள்ளியியல் தாள்களில் ‘ஆர்’ மொழியிலும் கணிதத் தாள்களில் எக்செலிலும் கணினியில் விடை எழுதும் பகுதிகளைச் சேர்த்தது. ஆர் மொழியோ பைத்தானோ, எது கற்பிக்கப்பட்டாலும் ஏற்றதே. சுற்றுகளும் சார்புகளும் எழுதத் தெரிந்தவருக்கு மொழி மாறுவது சில வார வேலை.

முதலாம் ஆண்டிலேயே தொழில்முறைத் தேர்வு எழுதலாமா? அமெரிக்கச் சங்கத்தின் நிகழ்தகவுத் தேர்வு மூன்று மணி நேரத்தில் முப்பது கொள்குறி வினாக்களைக் கேட்கிறது. அதற்கு வேண்டிய நுண்கணிதம் ஏற்கெனவே கைவசம் இருப்பதாகவே அது கொள்கிறது. நிதிக் கணிதத் தேர்வோ பெரும்பாலும் கூட்டு வட்டியும் பெருக்குத் தொடர்களும் சார்ந்தது, இரண்டரை மணி நேரம். முதலாம் ஆண்டு முடிந்த நீண்ட விடுமுறையில் எழுத விரும்புபவர் இதிலிருந்து தொடங்கலாம். பருவத்தின் நடுவே, ஐந்து பாடங்களுக்கு இடையில் எழுத முயல வேண்டாம் என்றே சொல்வேன். முதலாம் ஆண்டு மதிப்பெண்கள் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது நிறுவனங்கள் பார்க்கும் முதல் எண்கள். சில பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டில் ஆக்சுவரியல் பிரிவில் தொடர்வதற்கே அவைதான் அளவுகோல்.

சுமையும் சமநிலையும்

ஒரு பருவத்துக்கு ஐந்து பாடங்கள் என்றால், வாரந்தோறும் கணக்குப் பயிற்சித் தாள் ஒப்படைக்க வேண்டிய பாடங்கள் மூன்றுக்கு மேல் போகாமல் பாருங்கள். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம் மூன்றும் ஒரே பருவத்தில் வந்தால் நான்காவது பொருளாதாரமாகவும், ஐந்தாவது எழுத்துப் பயிற்சி தரும் ஒரு பாடமாகவும் இருக்கட்டும். எழுத்துப் பயிற்சியை வெறும் நிரப்புப் பாடமாக எண்ண வேண்டாம்: வருங்காலக் கொடுப்பனவுகளுக்காக ஒதுக்கும் இருப்பு நிதி ஏன் உயர்ந்தது என்று கணிதம் அறியாத இயக்குநர் குழுவுக்கு இரண்டு பக்கத்தில் விளக்குவது ஆக்சுவரியின் அன்றாட வேலை. பெயரில் ‘ஆக்சுவரியல்’ உள்ள ஓர் அறிமுகப் பாடம் முதலாம் ஆண்டில் விருப்பப் பாடமாக இருந்தால், இடம் மிஞ்சினால் எடுங்கள். அதற்காக நேரியல் இயற்கணிதத்தைத் தள்ளிவைக்காதீர்கள்.

பதிவு முடிந்தபின் தண்டம் இல்லாமல் பாடம் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் எது, பதிவேட்டில் தோல்வி விழாமல் விலகக் கடைசி நாள் எது என்ற இரண்டு தேதிகளையும் அந்தத் தாளின் அடியில் எழுதி வையுங்கள். மாற்றிக்கொள்ளும் தேதிக்கு முந்தைய வார இறுதியில், நுண்கணிதத்தின் முதல் பயிற்சித் தாளை யார் உதவியும் இல்லாமல் மறுபடி போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் முடியவில்லை என்றால், அதே வாரம் விரிவுரையாளரின் சந்திப்பு நேரத்தில் தாளுடன் போய், இந்த வடிவத்திலேயே தொடரலாமா, ஒரு படி கீழே உள்ள வடிவத்துக்கு மாறினால் சங்கிலியில் எந்தக் கண்ணி பிந்தும் என்று கேளுங்கள்.